பனிநாகச் சூப்பில் உப்பு

சகாதா,
அக்டோபர் 12

அன்புத் தம்பி தகுரோவுக்கு,

கடற்காற்று கடிக்க ஆரம்பித்துவிட்டது. கடை வாசலுக்கு இரண்டாவது கதவைப் போட்டாயிற்று. செப்டம்பரில் என்னைப் படுக்கப்போட்ட காய்ச்சல் போய்விட்டது, உடம்பு பரவாயில்லை. உன் முதுகுவலி எப்படி? தோக்கியோவில் இன்னும் மின்விசிறி போட்டுக்கொண்டா படம் வரைகிறாய்?

போன் செய்தால், "டெட்லைன்க்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வந்ததே இல்லை. ஆகவே வழக்கம்போல் கடிதம். உன் கதைக்காக நீ கேட்ட நெருப்புப்பல்லி வால் வறுவலுக்குக் குறிப்பு இதோடு இருக்கிறது. வாலுக்குப் பதில் கோழித்தொடை. தோலை உரிக்காதே, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வாணலியில் போட்டு, மேலே ஒரு கனமான மூடியை வைத்து அழுத்து. எண்ணெய் ஊற்றவே வேண்டாம். பக்கத்தில் நான் வரைந்திருப்பது கோழித்தொடைதான், உருளைக்கிழங்கு என்று சிரிக்காதே.

போன வாரம் டாக்சி ஓட்டும் நோபோரு அண்ணன் உன் மங்கா படக்கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட வந்தார். "ஏம்மா மிட்சுயோ, உன் தம்பி கதையில அந்தக் கொம்பு வச்ச ராட்சசி ஆக்கிப் போடுறாளே, சதுப்புத் தவளை ஈரல், அது எங்கம்மா கிடைக்கும்?" என்றார். "மீன் சந்தையில கேட்டுப் பாருங்க, கிடைச்சா எனக்கும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க"ன்னேன். அறுபது வயது மனுஷர், தவளை ஈரலுக்கு நாக்கைச் சப்புக்கொட்டுகிறார்! ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். உன் கதையில் போகிற வழியெல்லாம் ஏதாவது ஒன்று ஆளைத் தின்ன வருகிறது. தின்ன வந்ததையே வெட்டிச் சட்டியில் போட்டு, சுற்றி உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுகிறார்கள். அந்த நேரத்துக்கு யாருக்கும் பயமில்லை. அதைப் பார்த்துத்தான் நமக்குப் பசிக்கிறது. அதனால் எப்போதும் சொல்வதையே சொல்கிறேன்: சட்டியைக் குறைத்து வரை, சாப்பிடுகிற முகத்தைப் பெரிதாக வரை.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறதல்லவா? நான் குறிப்பு அனுப்புவேன், நீ உன் கையால் சமைத்து, சாப்பிட்டு, அதன் பிறகே வரைய வேண்டும். சமைக்காததை வரையமாட்டேன் என்று நீயாகத்தான் சத்தியம் செய்தாய்.

நேரத்துக்குத் தூங்கு.

அன்பு அக்கா
மிட்சுயோ


தோக்கியோ,
அக்டோபர் 30

அன்பு அக்காவுக்கு,

இங்கே இலை பழுக்கத் தொடங்கியிருக்கிறது என்று ஜன்னல் சொல்கிறது. நான் வெளியே போகவில்லை. முதுகு அப்படியேதான். காய்ச்சலுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிடுகிறாயா?

பல்லி வால் அபாரம்! தோல் மொறுமொறுவென்று வந்தது. வாணலியை வழித்துத் தின்றேன்.

ஆனால் மனசு சரியில்லை அக்கா. பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பில் என் தொடர் 'கடைசி வண்டியின் அடுப்பு' பதினேழாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. பத்திரிகை ஆசிரியர் ஹொரிகிரி நேற்று வந்து, "சாப்பாடு சாப்பாடுன்னு எத்தனை நாளைக்கு? கத்திச் சண்டை போடுங்க சார், இல்லன்னா வசந்தத்தோட மூடிடலாம்" என்றார். வருகிற அஞ்சலட்டையெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது. ஒரு நர்ஸ், இரவுப் பணி முடிந்ததும் இதைப் படித்தால்தான் சோறு இறங்குகிறது என்று எழுதியிருக்கிறாள். அதைக் காட்டினேன். "சரி, சமையலை வச்சுக்குங்க. ஆனா சமைக்கிறவளுக்கு ஒரு துக்கம் வேணும்" என்கிறார். ராட்சசி குரிமாவுக்கு என்ன துக்கத்தைக் கொடுப்பது? ஒன்றும் தோன்றவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
தகுரோ


சகாதா,
நவம்பர் 25

அன்புத் தம்பிக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. நீ நலமா? நான் நலம் என்று எழுத உட்கார்ந்து, மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

காய்ச்சல் போகும்போது என் நாக்கையும் கொண்டுபோய்விட்டது தகுரோ. உப்பு, இனிப்பு, புளிப்பு ஒன்றும் தெரியவில்லை. முதலில் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் யமகாதா நகரத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

பகலில் கடையில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஆள் போன பிறகு சூப்பில் கரைக்கிற உப்புச் சோயா விழுது, மிசோ, அந்த டப்பாவில் விரலை விட்டு நக்கிப் பார்க்கிறேன். களிமண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது. அழுகை வருகிறது.

எப்படிச் சமைக்கிறாய் என்று கேட்பாய். முன்போல் கை அளவில்தான். ஆனால் மீன் நாளுக்கு ஒருமாதிரி, முள்ளங்கி நாளுக்கு ஒருமாதிரி. கை அளவு போதாது. அதனால் முதலில் வருகிறவரின் முகத்தைப் பார்க்கிறேன். முதல் வாய் உள்ளே போனதும் முகம் சொல்லிவிடும். அடுத்த ஆளுக்கு ஊற்றுவதற்குள் சரிசெய்துவிடுவேன். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

யாரிடமும் சொல்லாதே. துறைமுகத்து ஆட்கள் விடியற்காலையில் வந்து உட்காருவது என் கையை நம்பித்தான். புருஷன் போன பிறகு இந்த எட்டு நாற்காலியைத் தவிர எனக்கு என்ன இருக்கிறது? உன் ஒருவனிடம்தான் சொல்கிறேன். சொன்னதும் கொஞ்சம் மூச்சு வருகிறது.

அக்கா
மிட்சுயோ


தோக்கியோ,
டிசம்பர் 8

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குளிர் எப்படி? வெந்நீரில்தானே கையை வைக்கிறாய்?

தைரியமாக இரு. நாக்கு திரும்பி வரும். யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஒன்று கேட்கட்டுமா? முகத்தைப் பார்க்கிறேன் என்றாயே, எதைப் பார்ப்பாய்? கண்ணையா, வாயையா? உப்பு கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும்? உன்னைப் பற்றிய கவலையில்தான் கேட்கிறேன்.

உன் தம்பி
தகுரோ


சகாதா,
டிசம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

இடுப்பளவு பனி. நோபோரு அண்ணன் வாசலில் வழி வெட்டிக் கொடுத்தார். உன் முதுகுக்கு ஒட்டுப்பட்டை பத்து அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பாவம் என்று சொல்லிவிட்டுப் போகாமல், எப்படிச் செய்கிறாய் என்று கேட்டாயே.

கண்ணை நம்பக் கூடாது, வாயை நம்பவே கூடாது. வாய் எப்போதும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லும். கையைப் பார்க்க வேண்டும். உப்பு தூக்கலாக இருந்தால் கை தன்னால் சோற்றுக் கிண்ணத்துக்குப் போகும். குறைந்தால் சோயா சாஸ் புட்டி எங்கே என்று தேடும். மீன் கவிச்சி போகவில்லை என்றால் தேநீரை எடுக்கும். எல்லாம் சரியாக இருந்தால் கை அப்படியே நிற்கும், மூச்சு மூக்கு வழியாக நீளமாக வரும். அந்த மூச்சுச் சத்தம்தான் இப்போது எனக்கு ருசி.

புத்தாண்டுக்கு வருவாயா? தாரா மீன் தலையும் ஈரலும் போட்டுச் சூப் வைக்கிறேன். முதல் கிண்ணம் உனக்கு. நீ முகத்தைக் காட்டினால் போதும்.

அன்பு அக்கா
மிட்சுயோ


தோக்கியோ,
ஜனவரி 3

அக்காவுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள்.

வர முடியவில்லை, மன்னித்துக்கொள். ஒரு பெரிய அத்தியாயம் கையில் இருக்கிறது, மூச்சு விட நேரமில்லை. ஒட்டுப்பட்டை வந்தது. உடம்பைக் கவனி.

தகுரோ


சகாதா,
பிப்ரவரி 16

தகுரோ,

நீ நலமாக இருப்பாய். வாக்கெடுப்பில் முதலிடத்துக்கு வந்தவன் நலமாகத்தான் இருப்பான்.

உன் புது அத்தியாயம் வந்த பத்திரிகையை நோபோரு அண்ணன்தான் கொண்டுவந்தார். மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குள் ஊரே படித்திருந்தது. காய்ச்சலில் நாக்கைப் பறிகொடுத்த ராட்சசி குரிமா. சட்டிக்குப் பின்னால் நின்று எட்டுப் பேரின் கையைப் பார்க்கிறாள். சோற்றுக்குப் போகிற கை. சாஸ் புட்டியைத் தேடுகிற கை. மூக்கு வழியாக வருகிற மூச்சு. ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிட்டாயே! கொம்பை ஒட்டவைத்தால் தெரியாது என்று நினைத்தாயா? நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குரிமா படம் என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நான் நின்றுகொண்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியுமே.

பரிதாபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரும் வராமல் நின்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லோரும் வந்தார்கள். முன்னைவிட அதிகமாக வந்தார்கள். நான் எதைப் பார்க்கிறேன் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரு கையும் சோற்றுப் பக்கம் போவதில்லை. சாஸ் புட்டியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் வாய் உள்ளே போனதும் எட்டுப் பேரும் சொல்லிவைத்தாற்போல் மூக்கு வழியாக நீளமாக மூச்சு விடுகிறார்கள். மனசு நோகக் கூடாதாம். நம் ஊர் ஆட்களின் நல்ல மனசு உனக்குத் தெரியாததா? கழுத்தை அறுத்தாலும் "சிரமம் கொடுத்துட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்.

போன சனிக்கிழமை மிசோவை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது. ஏழு பேர் அடி தெரியக் குடித்தார்கள். "இன்னிக்கு ரொம்பப் பிரமாதம்மா!" என்றார் நோபோரு அண்ணன். எட்டாவதாக ஒரு லாரிக்காரன், குமமோத்தோவிலிருந்து வருகிறவன், உன் மங்காவையெல்லாம் படிக்காதவன். ஒரு வாய் வைத்தான். தட்டிலேயே துப்பினான்.

"என்னங்க இது, கடலையே காய்ச்சி ஊத்திட்டீங்களா?"

ஏழு பேரும் அவனை முறைத்தார்கள். "யோவ், வாயை மூடுய்யா" என்று நோபோரு அண்ணன் அவன் தொடையில் குத்தினார். நான் ஓடிப்போய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, காசு வாங்காமல், கும்பிட்டு அனுப்பினேன். அவன் ஒருவன்தான் அன்றைக்கு என்னைச் சமையல்காரியாக நடத்தினான்.

முகத்தைப் பார்த்துத்தான் சமைத்தேன். அந்த முகத்தையும் பிடுங்கிக்கொண்டாய். படத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. கடையையும் சாத்திவிட்டேன்.

உன்னிடம் மட்டும்தானே சொன்னேன்?

மிட்சுயோ


தோக்கியோ,
மார்ச் 20

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. பலமுறை உட்கார்ந்தேன். கையே ஓடவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? பனி கரைந்துவிட்டதா?

செய்தது தப்புதான். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் நீ நம்ப வேண்டும், நான் அதைத் திருடவில்லை. நீ அனுப்பிய ஒவ்வொரு குறிப்பையும் இந்தச் சின்ன அடுப்பில் என் கையால் சமைத்தவன் நான். ஒவ்வொரு சட்டியையும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவன். உன் ருசி என் நாக்கில் இருக்கிறது அக்கா. அந்த உரிமையில்தான் வரைந்தேன். அந்த அத்தியாயத்தைப் படித்து எத்தனை பேர் அழுதார்கள் தெரியுமா? அந்த நர்ஸ் மறுபடி எழுதியிருக்கிறாள். கதை பிழைத்துவிட்டது.

கேட்க வெட்கமாக இருக்கிறது. புதிய தொகுப்பின் கடைசிப் பக்கத்தில், வீட்டில் செய்து பார்க்கும்படி ஒரு குறிப்புப் போட வேண்டும் என்கிறார் ஹொரிகிரி. அந்த அத்தியாயத்தில் குரிமா வைக்கிற பனிநாகச் சூப். அது உன் தாரா மீன் தலைச் சூப்தான். அனுப்புவாயா? உன் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்கிறேன்.

கடையைத் திற. எனக்காக.

உன் தம்பி
தகுரோ


சகாதா,
ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

ஆற்றங்கரையில் செர்ரி மொட்டு விட்டிருக்கிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? நான் கோபத்தில் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். நீ ஒவ்வொரு சட்டியையும் சமைத்துச் சாப்பிட்டதாக எழுதியிருந்த இடத்தை நாலைந்து தடவை படித்தேன். அது மட்டும் உண்மையாக இருந்தால் மற்றதை மறந்துவிடலாம் என்று தோன்றியது.

குறிப்பு இதோ, நான்கு பேருக்கு. பனிநாகம் கிடைக்காதவர்கள் தாரா மீன் தலை ஒன்றும் எலும்பும் ஈரலும் வாங்கட்டும். ஐஸில் வைத்ததானாலும் சரி. வெந்நீரை மேலே ஊற்றிக் கழுவினால் கவிச்சி போய்விடும். முள்ளங்கியை விரல் கனத்தில் நறுக்கி மீனோடு வேகவிடு. ஈரலைத் தனியாக வாணலியில் மசித்து, மிசோ மூன்று மேசைக்கரண்டியோடு குழைத்துச் சட்டியில் விடு. பிறகு உப்பு இரண்டு கைப்பிடி. தோஃபு, வெங்காயத்தாள் கடைசியில். இறக்கியதும் பாறைப்பாசியைக் கிள்ளிப் போடு.

எப்போதும்போல் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுது. இந்த ஊரில் எனக்கு உண்மை சொல்ல ஆள் இல்லை. உன் நாக்கில் என் ருசி இருக்கிறது என்றாயே, அந்த நாக்கு சொல்வதைக் கேட்டுத்தான் கடையைத் திறப்பதா, விற்பதா என்று முடிவு செய்யப்போகிறேன். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே எழுது. கோபப்படமாட்டேன்.

காத்திருக்கிறேன்.

அன்பு அக்கா
மிட்சுயோ


தோக்கியோ,
ஏப்ரல் 28

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது! முதுகு நலம், மனசு அதைவிட நலம்.

சூப்பை ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். தலையைக் கழுவி, ஈரலை மசித்து, எல்லாம் நீ சொன்னபடியே. என்ன சொல்ல! முதல் வாயிலேயே கை அப்படியே நின்றுவிட்டது, மூச்சு மூக்கு வழியாக நீளமாக வந்தது. உப்பும் உறைப்பும் அவ்வளவு சரி. நாக்கு போனவள் கை என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டு கிண்ணம் குடித்தேன். கண் கலங்கிவிட்டது. கடையை விற்கிற பேச்சை விடு, நாளைக்கே திற.

அச்சுத்தாள் ஒன்று இணைத்திருக்கிறேன். உன் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறது பார்! மே பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது.

என்றும் உன் தம்பி
தகுரோ


சகாதா,
மே 2, விரைவுத் தபால்

தகுரோ,

இந்த முறை நலம் விசாரிக்க மனசு வரவில்லை.

முதல் வேலையாக ஹொரிகிரியைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தில் 'உப்பு இரண்டு கைப்பிடி' என்று இருக்கிற வரியை எடுக்கச் சொல். அந்தச் சூப்புக்கு மிசோவின் உப்பே போதும். பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள், அந்த நர்ஸும் செய்து பார்ப்பாள். நீ கூப்பிடமாட்டாயோ என்று நானும் அவருக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன்.

இல்லை, கை தவறவில்லை. தெரிந்துதான் எழுதினேன். அடுப்புப் பக்கமே போகாதவன்கூட முதல் கரண்டியில் கண்டுபிடித்திருப்பான். உன் கடிதம் வந்த அன்றைக்கு முழுக்க உனக்காக நானே வாதாடினேன். நாக்கு போன அக்கா மனசு நோகும் என்று மறைத்திருப்பான், நம் ஊர்க்காரன்தானே என்று. பிறகு அச்சுத்தாளைப் பிரித்தேன். அந்த வரி அப்படியே இருக்கிறது. குடித்தவன் அதை ஊருக்கெல்லாம் அச்சடிக்கக் கொடுக்கமாட்டான். பல்லி வாலும் பொய், தவளை ஈரலும் பொய். உன் அடுப்பில் வெந்நீரைத் தவிர என்ன கொதித்தது?

நேற்றுக் கடையைத் திறந்தேன். நோபோரு அண்ணன் முதல் ஆளாக வந்தார். உன் அச்சுத்தாளில் இருக்கிறபடியே, இரண்டு கைப்பிடி உப்புப் போட்டு ஒரு சட்டி வைத்து, அவர் முன்னால் ஒரு கிண்ணம் வைத்தேன். நான் எதிரே நின்றேன். முதல் வாய் போட்டார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. வலது கை சோற்றுக் கிண்ணத்துக்குத் துடித்தது, இடது கையால் அதைத் தொடையோடு அமுக்கிக்கொண்டார். விழுங்கினார். கண்ணில் தண்ணீர்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.

"இன்னொரு வாய்?"

"குடு... குடிக்கிறேன்" என்று கிண்ணத்தை மறுபடி எடுத்தார்.

"வைங்கண்ணே கீழே! செத்துக்கித்துப் போயிடப் போறீங்க!" என்று நானே பிடுங்கிக் கொட்டினேன். ஒரு கூஜா தண்ணீரைக் குடித்துவிட்டு, மேசையில் தலையை வைத்துக்கொண்டு, "மன்னிச்சுடும்மா, எங்களுக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல" என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு, படம் மாட்டியிருந்த வெள்ளை இடத்தில் ஒரு தாளை ஒட்டினேன்: இந்தக் கடையில் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்கிறவர்கள் பாத்திரம் கழுவ வேண்டும். முதல் பாத்திரம் அவர்தான் கழுவினார். இன்று காலை மீன் சந்தைக்காரன் ஒருவன் பயந்து பயந்து, "கொஞ்சம் சப்புன்னு இருக்குக்கா" என்றான். ஓடிப்போய் மிசோ கரைத்து ஊற்றினேன்.

கடை நடக்கும். இனிமேல் உனக்குக் குறிப்பு வராது.

உன்னிடமும் அவரிடமும் ஒரே சூப்பைத்தான் கொடுத்தேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னீர்கள். அவர் குடித்துவிட்டுச் சொன்னார் தகுரோ.

மிட்சுயோ